சாத்தி வந்தது: பெட்டைக் குட்டிக்குப் பழைய பெயர் தேடி

பிப்ரவரி 2 (கேள்வி)

ராஜபாளையம் பெட்டைக் குட்டி, 50 நாள், சுத்த வெள்ளை. டைகர், ரோசி, ஜூலி எதுவும் வேண்டாம். அந்தக் காலத்துப் பெயராக, நம்ம ஊர்ப் பெயராக வேண்டும். வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்: சீதா, வேணி, பட்டு, அலமேலு, குப்பம்மா. எந்தப் பெயர் வைத்தாலும் நாய் பழகிக்கொள்ளும், நாய்க்கு எல்லாம் ஒன்றுதான் என்பது என் கட்சி. தப்பென்றால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 2, இரவு

பாதி சரி. பெயரின் பொருள் நாய்க்கு ஒன்றுதான், ஒலி ஒன்றில்லை. ஐந்தையும் ஒவ்வொன்றாக வாயில் போட்டுப் பாருங்கள்.

சீதா: தொடக்கமே "சீ". நாயை விரட்டத் தமிழர் பலரும் சொல்வது அதைத்தான். சோபாவில் ஏறியதும் "சீ!" என்று கத்திவிட்டு, சோறு வைக்கும்போது "சீதா" என்றால் முதல் அரை நொடியில் குட்டி பின்வாங்கும்.

வேணி: "வேணாம்" என்பதோடு முதல் எழுத்தும் அடுத்து வரும் ண் ஒலியும் ஒன்று. குட்டி இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை "வேணாம்" என்று எண்ணிப் பாருங்கள்.

பட்டு: "படு". நமக்கு இரண்டும் வேறு. அவசரத்தில் "பட்டூ" என்று இழுப்பதும் "படூ" என்று அதட்டுவதும் குட்டிக்கு வேறல்ல. கூப்பிட்டால் படுத்துக்கொள்ளும்.

அலமேலு: நான்கு எழுத்து, நடுவில் பிடித்து நிறுத்த ஒரு வல்லெழுத்துகூட இல்லை, ல-வும் ம-வும் காற்றில் கரையும். தாத்தா அலமு என்பார், பிள்ளைகள் மேலு என்பார்கள். ஒரு நாய்க்கு மூன்று பெயர்.

குப்பம்மா: ஒலியில் குறையே இல்லை. ஆனால் அதை வைக்கச் சொல்ல மாட்டேன். காரணம் பெரிது, தனியாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 3

கணக்கு இதுதான். புள்ளி எழுத்தைச் சேர்க்காமல் இரண்டு எழுத்து, மிஞ்சினால் மூன்று. நடுவில் இரட்டித்த அல்லது சேர்ந்த ஒலி இருந்தால் நல்லது (ன்ன, ள்ள, ட்ட, ச்ச, ம்ப). கடைசியில் வாய் திறந்து இழுக்கக்கூடிய உயிர்: ஈ அல்லது ஆ. பொன்னி, வள்ளி, செல்லி, பேச்சி போன்ற ஊர்ப் பெயர்கள் இந்த அச்சில்தான் இருக்கின்றன. வயக்காட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆளைக் கூப்பிட்டுத் தேய்ந்த பெயர்கள் அவை.

இது நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. கிரேக்கத்தில் செனஃபோன் வேட்டை நாய்களைப் பற்றி எழுதும்போது, கூப்பிட வசதியாகக் குட்டையான பெயர் வை என்று சொல்லி 47 பெயர்களை அடுக்குகிறார். பெரும்பாலும் இரண்டே அசை. முதல் நூற்றாண்டு ரோமானியர் கொலுமெல்லா இன்னும் கறார்: ரொம்ப நீளமும் கூடாது, இரண்டு அசைக்குக் குறையவும் கூடாது. பெட்டைக்கு அவர் தரும் உதாரணங்களில் ஒன்று டிகிரிஸ், அதாவது புலி. பெட்டை நாய்க்கு டைகர் என்று வைப்பதும் இரண்டாயிரம் வருஷப் பழைய பெயர்தான் என்று யாராவது வாதாடினால் நான் குறுக்கே நிற்க முடியாது.

பிப்ரவரி 3, மாலை

காலையில் விட்டுப்போனது. பெயரை எழுதிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், விளித்துப் பாருங்கள். தமிழில் பெயர் வேறு, கூப்பிடும் உரு வேறு. தொல்காப்பிய விளிமரபே சொல்கிறது: இ ஈ ஆகும், ஐ ஆய் ஆகும். பொன்னி பொன்னீ ஆகிறாள், ஒலி கூடுகிறது, லாபம். ஐகாரத்தில் முடிவதுதான் தொல்லை. முல்லை என்று வைத்தால் பேச்சில் "முல்ல" ஆகும், கூப்பிடும்போது ஒருவர் "முல்லே", இன்னொருவர் "முல்லா". ஐகாரப் பெயர்தான் வேண்டுமென்றால், எந்த உருவில் கூப்பிடுவது என்று முதல் நாளே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.

சோதனை: ஒருவர் மொட்டை மாடியில், ஒருவர் தெரு முனையில். சாதாரணக் குரலில் ஒரு முறை, கத்தி ஒரு முறை, வாயில் வெற்றிலையோ சோறோ இருக்கும்போது ஒரு முறை. மூன்றிலும் கடைசி எழுத்து கேட்டால் பெயர் தேறியது. ராத்திரி பதினொரு மணிக்கு வாசலில் நின்று சத்தமாகச் சொல்லக் கூச்சப்படும் பெயர் என்றால் அதுவும் தேறவில்லை.

பிப்ரவரி 4

"பாட்டி காலத்துப் பெயர்" என்று பலர் பேசுகிறீர்கள். தொல்காப்பிய மரபியலில் பெட்டை நாய்க்குப் பெயரே அதுதான்: "பாட்டி என்ப பன்றியும் நாயும்." அடுத்த நூற்பாவில் நரியும் சேர்ந்துகொள்கிறது. பிணவு என்பதும் பெண் நாய்க்கு உண்டு, பன்றிக்கும் புல்வாய்க்கும் அதையே சொல்கிறது. குட்டிக்குக் குருளை, புலிக்கும் முயலுக்கும்கூட அதே சொல். ஆக இலக்கணப்படி உங்கள் வீட்டில் இப்போது இருப்பது குருளை, ஒன்றரை வருஷத்தில் பாட்டி. வீட்டில் நிஜப் பாட்டி இருந்தால் இந்தக் குறிப்பைக் காட்ட வேண்டாம்.

பிப்ரவரி 5

குப்பம்மா விஷயம். குப்பு, பிச்சை என்று தொடங்கும் பெயர்கள் வேடிக்கைக்கு வைத்தவை அல்ல. முன்பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுப்பார்கள், அல்லது தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள். எமன் கண்ணுக்கு விலையில்லாததாகத் தெரியட்டும் என்று வைத்த பெயர். போதும்பொண்ணு, வேண்டாம் என்பவை வேறு கதை: அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று பெண்ணின் தலையில் கட்டியவை. இருளாயி, பேச்சி, கருப்பாயி என்பவை குலசாமிப் பெயர்கள். இந்தப் பெயரோடு உயிரோடு இருக்கும் பெண்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்கள் பெயரை நாய்க்கு வைத்து "எவ்வளவு க்யூட்" என்றால், அவர் வாசலில் காய் விற்றுக்கொண்டு நிற்கும்போது உங்கள் வீட்டுப் பிள்ளை "ஏய் இருளாயி, வெளிய போ" என்று கத்தும். சண்டை வராது. அவர் பேசாமல் போய்விடுவார், அது சண்டையைவிட மோசம்.

ஒரு பெயர் பழசாகத் தெரிவது நமக்கு அந்தப் பெயர்க்காரரோடு புழக்கம் இல்லாததால்தான் என்பதும் உண்டு. ஆகவே ஆள் பெயரை விட்டுப் பொருள் பெயருக்குப் போங்கள்: பூ, நிறம், தானியம், கல். பவளம், மயிலை, செவலை, வரகு. செவலையும் மயிலையும் மாட்டு நிறம், நாய்க்கும் பொருந்தும். சாம்பல் நிறச் சிப்பிப்பாறை நாய்க்கு மயிலையைவிடப் பொருத்தமான சொல் இல்லை. சென்னைக்காரர் மட்டும் மயிலாப்பூரைக் கூப்பிடுவதாக நினைப்பார்.

பிப்ரவரி 6

இலக்கணம் படித்தவர் ஒருவர் பிடித்துவிட்டார். இ ஈ ஆவது உயர்திணைக்கு. நாய் அஃறிணை, அஃறிணைக்கு விளி ஏகாரம்தான், "பொன்னியே" என்றுதான் கூப்பிட வேண்டும் என்கிறார். நூற்பா அவர் பக்கம். ஆனால் ஒரு சந்து இருக்கிறது. இரு திணைக்கும் பொதுவான பெயருக்கு, அதாவது விரவுப்பெயருக்கு, உயர்திணை வழியே விளி வரலாம். உரைகாரர்கள் விரவுப்பெயருக்குக் காட்டும் உதாரணம்: சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது. சாத்தி வந்தாள், சாத்தி வந்தது.

கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரே பெயரில் மனுஷியும் விலங்கும் இருப்பது உரைகாரருக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் அளவுக்குச் சாதாரணம். நேற்று நான் போட்ட தடை இலக்கணத் தடை அல்ல, தெருவில் நடமாடும் மனிதருக்காகப் போட்டது. தடையை எடுக்கவில்லை. ஆனால் இன்று யாருக்கும் இல்லாத பழைய பெயர் ஒன்று கையில் சிக்கியிருக்கிறது: சாத்தி. இரண்டு எழுத்து, நடுவில் த்த், முடிவில் இழுக்க ஈ. பழைய பெட்டைப் பெயருக்கு இதற்கு மேல் அத்தாட்சி கிடைக்காது.

பிப்ரவரி 7

சாத்தியை வாபஸ் வாங்குகிறேன். "கதவைச் சாத்து", "சாத்திட்டு வா". நாய் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லாமல் ஒரு மணி நேரம் ஓட்ட முடியாது. ஒவ்வொரு முறையும் குட்டி எழுந்து நிற்கும், ஒன்றும் கிடைக்காமல் படுக்கும், பத்தே நாளில் பெயருக்குத் திரும்பாமல் போகும். பெயர் செத்துப்போவது இப்படித்தான்: காதில் விழுகிறது, பின்னால் ஒன்றும் நடப்பதில்லை. தலைப்பை மாற்றவில்லை, மனசில்லை.

பிப்ரவரி 7, இரவு

"தோகை நல்லா இருக்கே, தோ தோ என்றுதானே நாயைக் கூப்பிடுகிறோம்" என்று ஒரு வாசகர். யோசனை அழகு. அதனாலேயே கூடாது. தெருவில் போகிறவர் யார் "தோ தோ" என்றாலும் அது தன் பெயர் என்று போய்விடும். ராஜபாளையம் காவல் நாய், யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. அதேபோல "சூ" என்பது ஏவும் ஒலி, சூடி என்று பெயர் வைத்தவர் வீட்டு வாசலில் தபால்காரர் நிற்க மாட்டார்.

பிப்ரவரி 9

பெயருக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்றை ஒருவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சுத்த வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு வருவதுண்டு. வெள்ளை நிறத்தைத் தரும் மரபுக்கூறு, உள்காதுக்குத் தேவையான நிறமி செல்களையும் இல்லாமல் செய்துவிடுவதுதான் காரணம். ஒரு காது மட்டும் போயிருந்தால் வெளியே தெரியவே தெரியாது, சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் தடுமாறும்.

வீட்டில் பார்க்கும் முறை: குட்டியைத் தனியாக வையுங்கள். கூடப்பிறந்த குட்டிகளோடு இருந்தால் அவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பும், ஏமாந்துபோவீர்கள். முதுகுக்குப் பின்னால் ஆறேழு அடி தள்ளி நின்று சாவிக் கொத்தை ஆட்டுங்கள். கை தட்ட வேண்டாம், காற்று அசைவு தெரியும். தரையைத் தட்ட வேண்டாம், அதிர்வு தெரியும். உங்கள் நிழல் அதன் முன்னால் விழக் கூடாது. தூங்கும்போது ஒரு முறை, விழித்திருக்கும்போது இரண்டு முறை. சந்தேகம் இருந்தால் மூளை மின்னலையை வைத்துக் காது பார்க்கும் சோதனை உண்டு, கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், ஒற்றைக் காதுச் செவிட்டை உறுதியாகச் சொல்வது அதுதான்.

இரு காதும் கேட்கவில்லை என்றால் பெயர் கைச்சைகைதான். அதற்கும் இதே கணக்கு: ஒரே சைகை, எல்லாரும் ஒரே மாதிரி, வேறு எதற்கும் அதைச் செய்யக் கூடாது. ராத்திரிக்கு வாசல் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுவது.

பிப்ரவரி 10

காது கேட்கிறதாம். சாவிக்கு மூன்று முறையும் திரும்பியதாம். நல்லது, பெயருக்கு வருவோம்.

பூக்களில் தேடினால் குறிஞ்சிப்பாட்டில் 99 கிடக்கின்றன. பாதி வாயில் நுழையாது. நள்ளிருள்நாறியை ராத்திரி கூப்பிட்டு முடிப்பதற்குள் விடிந்துவிடும். கூப்பிட நிற்பவை சில: தும்பை, வெட்சி, வாகை, அங்கே சிந்துவாரம் என்ற பெயரில் வரும் நொச்சி. நான்குமே போர்ப் பூக்கள். வெட்சி சூடினால் ஆநிரை கவரப் போகிறான் என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக் கோழியைத் தூக்கிவரும் நாய்க்கு வையுங்கள். வாகை வெற்றி. நொச்சி சூடுவது உள்ளே நின்று கோட்டையைக் காப்பவன். காவல் நாய்க்கு இதைவிட என்ன வேண்டும்? ந மெலிசான தொடக்கம்தான், நடுவில் வரும் ச்ச் அதை ஈடுகட்டும். ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கும் அதே நொச்சி, வேலி ஓரத்தில் நீலம் கலந்து பூப்பது.

பிப்ரவரி 11

இரண்டு திருத்தம். ஒன்று: தொல்காப்பியத்தில் நொச்சி தனித் திணை இல்லை, மதில் முற்றுவதும் காப்பதும் உழிஞைக்குள்ளேயே அடங்கும். பிரித்துத் தனித் திணையாக வைத்தது பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை. பெயருக்கு இதனால் பாதகமில்லை.

இரண்டாவதில் பாதகம் உண்டு. நாயை அதட்ட ஆங்கிலத்தில் "நோ!" என்கிற வீடுகள் நிறைய. நொச்சியின் தொடக்கமும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நொச்சிதான் வேண்டுமென்றால் "நோ"வை வீட்டிலிருந்து எடுத்துவிட்டு "வேணாம்" என்று மாறுங்கள். வேணி என்ற பெயர் போய்விட்டதால் வேணாம் காலியாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 13

ஏற்கெனவே ரோசி என்று பழகிய மூன்று வயது பெட்டையைத் தத்தெடுத்தவர், பெயரை மாற்றலாமா என்கிறார். மாற்றலாம். பழைய பெயரின் உயிர் ஒலியைக் காப்பாற்றினால் வேலை பாதி. ரோசிக்கு நொச்சி கிட்டத்தட்ட அதே அச்சு. முதல் வாரம் "நொச்சி, ரோசி" என்று புதுசு முன்னால் பழசு பின்னால், உடனே தீனி. இரண்டாம் வாரம் ரோசியை மெதுவாகச் சொல்லுங்கள், மூன்றாம் வாரம் விடுங்கள். வரிசையை மாற்றிப் பழசை முன்னால் சொன்னால் அது பழைய பெயருக்கே வந்துவிடும், புதுசைக் காதில் வாங்காது. அடி வாங்கிய நாய் என்றால், பழைய பெயரைக் கேட்டதும் ஒடுங்குகிறதா என்று பாருங்கள். ஒடுங்கினால் அந்தப் பெயரின் சாயலே வேண்டாம், ஒரேயடியாக வேறு ஒலி.

ஜூலிக்கு நீலி நன்றாக ஒட்டும். பழையனூர் நீலியை நினைத்துப் பயப்படுகிறவர்கள் பயப்படட்டும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கும் ஜாதிக்கு நீலிக்கண்ணீர் பொருத்தம்தான்.

பிப்ரவரி 14

பழைய பெட்டைப் பெயர் என்றால் ரிக்வேதத்து சரமையை ஏன் விட்டீர்கள் என்று இரண்டு பேர். விடவில்லை, வரிசையில் இருந்தது. இந்திரனின் நாய், பணி என்ற கூட்டத்தார் ஒளித்த பசுக்களை மோப்பம் பிடித்துப் போய் அவர்களோடு பேச்சுவார்த்தை நடத்தியவள், பத்தாம் மண்டலத்தில் 108வது பாட்டு. மகாபாரதத்தில் தன் குட்டியைக் காரணமில்லாமல் அடித்ததற்காக ஜனமேஜயன் வேள்விக்கே போய்ச் சபிக்கிறாள். நாய்க்கென்றே பிறந்த பெயர், மனிதர் மனம் கோணாது என்று எழுத வந்தேன், கை நின்றுவிட்டது: ராமாயணத்தில் விபீஷணன் மனைவியும் சரமைதான். விரவுப்பெயர்! ஆனால் ஒலி வழவழ. ச, ர, ம எதிலும் பிடிப்பில்லை. விளித்தால் "சரமாய்", அது "சரமாரி"யில் பாதி. மோப்ப நாய்க்கு வைக்கலாம், தெருமுனையிலிருந்து கூப்பிட வேண்டிய நாய்க்கு வேண்டாம்.

விண்வெளிக்குப் போன ரஷ்ய நாய் லைக்காவும் பெட்டைதான். 1957 நவம்பர் 3 அன்று ஸ்புட்னிக் 2-இல் ஏற்றி அனுப்பினார்கள், திரும்பி வர வழி வைக்கவில்லை. பெயராக வைக்கிறவர்கள் அதைத் தெரிந்து வைத்தால் சரி.

பிப்ரவரி 16

கேள்வி கேட்டவர் வீட்டில் தும்பைக்கு வந்திருக்கிறார்களாம். தும்பைப் பூ மாதிரி வெள்ளை என்று நாமே சொல்வோம், நிறத்துக்கு வாதமே வேண்டாம். சிவனுக்கு உகந்த பூ. புறத்திணையில் நேருக்கு நேர் நின்று மோதும் போர். தொடக்கம் த், நடுவில் ம்ப், இரண்டும் பிடிப்பு. ஐகார முடிவு என்பதால் 3ஆம் தேதி எழுதியது பொருந்தும், உருவை நிச்சயம் செய்யுங்கள். "தும்பா" என்று கூப்பிடுவதே தூரம் போகும். மலையாளத்தில் அந்தச் செடிக்குத் தும்ப என்றே பெயர். 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் விண்வெளி ஆய்வு ராக்கெட் கிளம்பிய கேரளத்துத் தும்பாவும் அதே ஒலி. லைக்காவைப் பற்றி எழுதிய கையோடு இது வந்தது தற்செயல்.

சங்கிலியை நழுவவிட்டு ஓடுகிற நாள் ஒன்று வரும். அன்றைக்கு யாராவது "தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறான்" என்று சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அதற்கும் தயாராக இருங்கள்.

பிப்ரவரி 17

பெயரைப் பழக்கும் முறை கேட்டிருந்தார்கள். பசித்திருக்கும் நேரம், அறையில் வேறு ஆள் இல்லாமல். கடலை அளவு வேகவைத்த கோழித் துண்டு பத்து. ஒரு முறை மட்டும் "தும்பா". கண் உங்களைத் தொட்டதும் தீனி. திரும்பவில்லை என்றால் மறுபடி சொல்லாதீர்கள், உதட்டைக் குவித்து ஓர் ஒலி எழுப்பி, திரும்பியதும் கொடுங்கள். பத்து முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை. மூன்று நாள் ஒரே அறை, பிறகு அடுத்த அறையிலிருந்து, இரண்டாம் வாரம் வாசலிலிருந்து. பெயரைச் சொல்லித் திட்டக் கூடாது, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் குளிப்பாட்டவோ ஊசி போடவோ கூடாது. அதற்கெல்லாம் நீங்களே போய்த் தூக்கிவாருங்கள். "தும்பா தும்பா தும்பா" என்று அடுக்கினால் மூன்றாவது தும்பாவுக்கு வரலாம் என்று கற்றுக்கொள்ளும்.

பிப்ரவரி 18

கடைசியாக அட்டை. 45 நாளில் முதல் தடுப்பூசி போட்டபோது பெயர் இல்லாததால் "பப்பி" என்று எழுதியிருப்பார்கள். அடுத்த ஊசிக்குப் போகும்போது மாற்றச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி வரும்போது சரியான பெயர் இருக்க வேண்டும், உரிமம் வாங்கப் போனால் முதலில் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான். கென்னல் கிளப் சான்றிதழில் வளர்த்தவர் கொடுத்த பெயர் வேறாக இருந்தால் இருக்கட்டும், அது காகிதத்துக்கு.

ஆங்கிலத்தில் எழுதுவார்கள். யாழ், குழலி என்று வைத்தவர்கள் படும் பாடு உங்களுக்கு இல்லை, தும்பையில் ழ கிடையாது. ஆனால் டி-க்குப் பக்கத்தில் எச் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். போடாவிட்டால் அடுத்த முறை வரிசையில் "டும்பை வந்தாச்சா" என்று கூப்பிடுவார்கள், நாயும் திரும்பாது, நீங்களும் திரும்ப மாட்டீர்கள்.